கழுதை, ஏணி, வெண்ணெய்

நார்வேயின் கடலோரத் தீவொன்றில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஒரு பிள்ளையைக்கூட வழியில் தொலைக்காதவர் குட்லாக் பாட்டி. எண்பத்திரண்டு வயதில் அவரது பொறுப்பு சற்றே சுருங்கியிருந்தது. வியாழக்கிழமைதோறும் ஸ்வேரே, ஒட்னி என்ற இரண்டு சிநேகிதர்களைக் காரில் ஏற்றி, தீவின் மறுகோடியிலிருக்கும் வெந்நீர்க் குளத்தில் ஊறவைத்து, வாடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஸ்வேரே ஞாபகச் சோதனையில் தேறி, கண் சோதனையில் கவிழ்ந்து, ஓட்டுநர் உரிமத்தை இழந்தவர். ஒட்னி ஓட்டக் கற்றதே இல்லை.

இப்போது குட்லாகின் உரிமத்துக்கும் கெடு வந்துவிட்டது. எண்பது தாண்டினால் மருத்துவர் சான்று வேண்டும். மருத்துவரோ பத்து நிமிடத்தில் ஒரு மூளையை அளந்துவிடுவார். ஐந்து சொற்களை வாசித்துக் காட்டி, இடையில் வேறு வேலை கொடுத்து, பிறகு திருப்பிக் கேட்பார். சான்று இல்லையேல் குளம் இல்லை.

ஆகவே கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் மூன்று வாரம் தீவிரப் பயிற்சி நடந்தது. ஆசான் ஸ்வேரே; தன் சோதனையில் கேட்ட ஐந்து சொற்களும் அவருக்கு இன்னும் மனப்பாடம்.

"சொல்லு."

"கழுதை, ஏணி, வெண்ணெய், தேவாலயம், ஊதா."

"இன்னொரு தடவை."

"ஏன்டா உசுர வாங்குற? கனவுலகூட கழுதை ஏணியில ஏறுது!"

"ஏறட்டும். இறங்கிடாம பாத்துக்க," என்றாள் ஒட்னி, வாய் நிறைய வாஃபிள் பலகாரத்தோடு.

வியாழன் காலை. இளம் பெண் மருத்துவர் இங்வில் புதிதாக ஐந்து சொற்களை வாசித்தார். குட்லாக் மரியாதைக்குத் தலையாட்டினார். கடிகாரம் வரையச் சொன்னபோது நிமிடக் கோடுகள் அறுபதையும் போட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால், போதும் என்று தடுத்தும் கேளாமல் இரண்டு வரை இறங்கிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"இப்ப அந்த அஞ்சு வார்த்தை?"

"கழுதை, ஏணி, வெண்ணெய், தேவாலயம், ஊதா!"

இங்வில் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது பழைய லிஸ்ட், குட்லாக். இந்தத் தீவுல பதினோரு பேரு நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே கழுதைன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அதான் இன்னிக்கு மாத்திட்டேன்."

குட்லாகுக்குக் குளத்தின் ஆவி கண்ணெதிரே கலைந்து போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இரு. அது ஸ்வேரே குடுத்தது. நீ குடுத்தது… மேளம். பாலம். திராட்சை." நான்காவது விரலைத் தட்டித் தட்டி யோசித்தார். "கம்பளி. அப்புறம் ஒரு நிறம்… பச்சை!"

இங்வில் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் காத்திருந்தவர்கூட இருமலை நிறுத்தினார்.

"பத்தும் சொல்லிட்டீங்க! இந்த ஃபாரத்துல அஞ்சு கட்டம்தான் இருக்கு."

"அப்ப பாதி மார்க்க ஸ்வேரேவுக்குப் போட்டுடு. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டான்."

கண்ணையும் சோதித்து, கையெழுத்துப் போட்டபின் இங்வில் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "புது லிஸ்ட் இந்தக் கதவத் தாண்டக் கூடாது."

வாசலில் கார் அருகே துண்டும் நீச்சலுடையுமாக இருவரும் நின்றிருந்தார்கள். குட்லாக் சான்றைக் கொடிபோல் ஆட்டி, சொற்கள் மாறிய கதையைச் சொன்னதும் ஸ்வேரே பனியில் ஒரு சுற்று ஆடினார். காரில் ஏறியதும் ஒட்னி மட்டும் குட்லாகின் காதோரம் குனிந்தாள்.

"அடியே, அடுத்த வாரம் என் மக என்னையும் இதே சோதனைக்கு இழுத்துட்டுப் போறா. டாக்டர் வார்த்தைய மாத்திட்டாளாமே, என்னடி அது?"

ஞாபகசக்திக்கு அரசாங்கமே நம்பக்கூடிய அத்தாட்சியை மடியில் வைத்திருந்த குட்லாக், வண்டியைக் கிளப்பினார்.

"சுத்தமா மறந்து போச்சுடி."