ராபியா கயிறு கட்டிய பயணப் பை

"பீடோங்குல பஸ்சு ஏத்திவிடவே அம்மா கூட வராங்க. இது கடல் தாண்டி சபா போயி வேலை செஞ்சிட்டு வரப் போகுதா?"

அண்ணன் என்னைப் பற்றிச் சொன்ன இதை என்னிடம் சொல்லவில்லை. மேலாளரிடம் சொன்னார், நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே. அவரை அலுவலகத்தில் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். தராசுகள் சரியான எடையைக் காட்டுகின்றனவா என்று சோதித்து, காட்டினால் அதற்கு அடையாளமாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது எங்கள் நிறுவனத்தின் வேலை. பாசாரில் மீன் நிறுக்கும் தராசிலிருந்து செம்பனை ஆலைகளின் ஆய்வுக்கூடத் தராசு வரை எல்லாம் எங்களிடம் வரும். வெளியூர் போகும் குழுவில் யார் இருக்கலாம் என்பதை அண்ணன்தான் முடிவு செய்வார்.

"ஒரு டிரிப்பு கூட்டிட்டுப் போயி பாருங்களேன்" என்றார் மேலாளர்.

"பாப்போம் லா. சரியா வரலன்னா இங்கயே உக்காந்து ஸ்டிக்கர் அடிக்கட்டும்."

அம்மா பஸ் வரை வருவது உண்மைதான். என் பெற்றோர் இருவரும் தோட்டப் பள்ளியில் கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றதோடு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். அதை எங்கும் சத்தமாகவே சொல்வேன். ஸ்டிக்கர் அடிப்பதற்காக நான் படிக்கவில்லை. அதைவிட, எனக்கு ஊர்களைப் பார்க்க வேண்டும். சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்கள் என்ன சாப்பிடுவார்கள், கீழே பார்த்தால் எங்கள் கூரை தெரியுமா என்று யோசித்தே வளர்ந்தவள் நான். அந்த ஒரு பயணத்தில் தவறினால் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வழியில்லை.

இப்போது பல வாரங்கள் நான் வெளியூரில்தான் இருக்கிறேன். தோழிகள் பயணம் கிளம்பும்போது பையை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது, கட்டாதீர்கள் என்பது.

அந்த முதல் பயணத்துக்கு அண்ணன் தெளிவாகச் சொல்லியிருந்தார். சோதிக்கும் எஃகு எடைக்கற்களில் பாதி அவர் பையில், பாதி என் பையில். அவற்றைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துப் போகச் சோதனைச் சாவடியில் விட மாட்டார்கள். முகப்பில் ஒப்படைக்கும் பையில்தான் வைக்க வேண்டும். எனவே உடுப்பைக் குறைத்துக்கொள், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

நான் வேலையிலிருந்து வீடு திரும்பியபோது பையில் கருவாட்டு வாசம் வந்தது. அம்மாவும் அப்பாவும் மோட்டார் சைக்கிளில் மீனவர் ஊரான தஞ்சோங் டாவாய்க்கே போய் நெத்திலிக் கருவாடும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் வாங்கி வந்து, தாள் மேல் தாளாகச் சுற்றி, கற்களுக்குப் பக்கத்தில் திணித்திருந்தார்கள்.

"யாரு வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோட போவக் கூடாதுடி" என்றார் அம்மா.

"வீடு இல்லம்மா. ஆலை."

"ஆலைன்னா ஆளு இருக்க மாட்டாங்களா?"

அதற்குள் அப்பா, பொட்டலம் கட்டும் சிவப்பு ராபியா கயிற்றைப் பையின் நீளத்துக்கும் குறுக்கேயும் சுற்ற ஆரம்பித்திருந்தார். ஜிப் இருக்கிறது, பூட்டு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பூட்டு என்னா பூட்டு. மேலேருந்து தூக்கிப் போடுவானுங்க. லோரில சாமான் ஏத்துன கை இது. ஒருத்தனும் தொறக்க முடியாது, பாத்துக்க."

அவர் சொன்னது சரிதான். மறுநாள் விமான நிலையத்தில் யாராலும் திறக்க முடியவில்லை.

பையைத் தராசில் வைத்தவுடன் பதிவு முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் தலையை ஆட்டினார். அனுமதித்த எடையைத் தாண்டிவிட்டது, எதையாவது எடுத்துவிடுங்கள் என்றார். பையைக் கீழே இறக்கி முடிச்சோடு மல்லுக்கட்டினேன். நகம் உடைந்தது. பின்னால் வரிசை நீண்டது. தன் பையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அண்ணன் என் தலைக்கு மேல் நின்றிருந்தார்.

"என்னா தங்கச்சி, பேக்கு அனுப்புறியா, மாடு கட்டி வச்சிருக்கியா?"

"அப்பா கட்டுனாரு அண்ணே."

"உள்ளுக்கு என்னா? பெலாச்சான் வாடை அடிக்குது. கல்லை எடுத்தா வேலை இல்ல, சொல்லிட்டேன். பிளேன் போயிரும்."

முகப்புப் பெண் கத்தரிக்கோல் தேடி அடுத்த முகப்புக்குப் போனார். எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. அழுதால் ஸ்டிக்கர் இயந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் தராசின் எண் பலகை கண்ணில் பட்டது. பை என் மடியில் இருக்கிறது, தராசு மேல் ஒன்றுமே இல்லை. ஆனால் எண் பூஜ்ஜியத்துக்கு வரவில்லை.

எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுத்தருவது இது. எதையும் நிறுக்கும் முன், வெறும் தராசு என்ன காட்டுகிறது என்று பார். அதை எனக்குக் கற்றுத்தந்ததே அண்ணன்தான். தராசு பழுதாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு சுற்றிப் பார்த்தேன். தரையோடு ஒட்டிய அந்த மேடையின் ஓரத்தில் ஒரு தள்ளுவண்டியின் முன் சக்கரம் ஏறி நின்றது.

"அண்ணே."

"என்னா?"

"உங்க டுரோலி, அண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். வண்டியைப் பின்னுக்கு இழுத்தார். எண் பூஜ்ஜியமானது. முகப்புப் பெண் கத்தரிக்கோலோடு திரும்பி வந்தபோது நான் பையை மறுபடியும் ஏற்றியிருந்தேன். மயிரிழையில் அளவுக்குள் இருந்தது. அவர் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையில் அடையாளப் பட்டையை ஒட்டி அனுப்பிவிட்டார்.

எனவே அடிக்கடி பறப்பவர்களுக்கு என் இரண்டாவது யோசனை: பையை வைக்கும் முன் தராசைப் பாருங்கள். உங்கள் கால், பின்னால் இருப்பவரின் வண்டி, பிள்ளையின் கை, எது மேடையைத் தொட்டாலும் அது உங்கள் கணக்கில்தான் சேரும்.

விமானத்தில் சன்னல் இருக்கை கிடைத்தது. கூரைகள் தெரிந்தன, எங்களுடையது எது என்று தெரியவில்லை. அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். கோபமோ என்று பயந்தேன். சபாவில் இறங்கியதும் என் பையைக் காட்டிச் சொன்னார்.

"அந்தப் பொட்டலத்த ஆலைல யாருக்கும் குடுக்காத. நம்ம போறது அவங்க தராசு சரியா தப்பான்னு சொல்றதுக்கு. கையில பொட்டலத்தோட போயி நின்னா என்னா நெனைப்பாங்க? வாங்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது."

அம்மாவுக்கும் எனக்கும் இது தோன்றவே இல்லை. ஆலைக்கு வெறுங்கையோடுதான் போனேன். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். காற்றுப் பட்டால் நுண்ணிய தராசு நிலைகொள்ளாது. அண்ணன் கல்லை எடுத்துத் தந்தார், நான் வைத்தேன், எழுதினேன். அவர் ஓர் இடத்தில்கூடத் திருத்தவில்லை.

விடுதியில் சின்னச் சமையலறை இருந்தது. கயிற்றை அங்கே கத்தியால் அறுத்து, நெத்திலியை வறுத்து, பெலாச்சான் போட்டுச் சம்பல் செய்தேன். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒரு வாய். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, அடுத்த தடவ நெத்திலிய கொஞ்சம் கூட வைக்கச் சொல்லி. கயிறு மட்டும் வேணாம் லா."

அடுத்த தடவை என்று அவர் சொன்னதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அலுவலகம் திரும்பியதும் மேலாளர் ஸ்டிக்கர் இயந்திரத்தைப் பற்றி அண்ணனிடம் கேட்டார். "அதுக்கு வேற ஆளு பாருங்க" என்றார் அண்ணன்.

அதன்பிறகு கற்றுக்கொண்டவை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. எனக்கு வாய் சும்மா இருக்காது. பை ஏற்றுகிற ஒருவர், வெளியே தொங்கும் பெயரட்டை அறுந்துபோகும், பைக்குள்ளேயும் ஒரு தாளில் தொலைபேசி எண்ணை வை என்றார். இப்போது அப்படித்தான் செய்கிறேன். கனமான காலணியைப் பையில் வைக்காமல் காலில் போட்டுக்கொள்வேன். புது ஊரில் எங்கே சாப்பிடலாம் என்று விடுதியில் கேட்பதைவிட, வெளியே வாடகைக் காரோடு நிற்கும் காடிக்காரரிடம் அவர் எங்கே சாப்பிட்டார் என்று கேட்பேன். இது தவறியதே இல்லை. ஆவணங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஆனால் மின்னூட்டம் தீர்ந்தால் படமும் இல்லை என்பதை மறக்காதீர்கள். அம்மாவிடம் போய்ச் சேரும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளியே சொல்லுங்கள். விமானம் தாமதமானாலும் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அண்மையில் இந்தோனேசியாவின் சுமத்ராவில் ஓர் ஆலை எங்களை அழைத்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி, போக முடியாது. வேறு யார் தனியாகப் போவீர்கள் என்று மேலாளர் கேட்டபோது அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"பாஸ்போட்டு இருக்கா தங்கச்சி?"

மேசை இழுப்பறையைத் திறந்து கடப்பிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சபாவிலிருந்து திரும்பிய வாரமே சுங்கை பட்டாணி குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் எடுத்து வைத்திருந்தேன்.