இரண்டு முறை கரை தொட்டவள்

வெள்ளைத் துண்டு

"இன்னும் கொஞ்சம் கீழை இழு தம்பி, முத்திரை தெரியுது" என்றார் கொப்பி எடுக்க வந்த மன்னார்க்காரர். வெள்ளைக் காகிதத் துண்டை அவருடைய அகதி மனுவின் நிராகரிப்பு முத்திரையின்மேல் நகர்த்தி, மெசின் மூடியை அமர்த்தினேன். போட்டோக் கொப்பி எடுப்பவன் எதையும் வாசிக்கக் கூடாது; தொழில் அவ்வளவுதான். தொசியேக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அலைந்த உங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். என் கண் போன இடத்தை முதலாளி அண்ணை பார்த்துவிட்டார்.

"மெசினுக்குக் கண் இல்லையடா. உனக்கும் வேண்டாம்."

குறித்த நாள்

அந்த வாரம் வானொலி முழுக்க ஜெனீவாதான். வியட்நாமிலிருந்து படகில் வருகிறவர்களைப் பற்றி அரசுகள் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தன. குறித்த நாளுக்கு முன் கரைசேர்ந்தவர்கள் அகதிகள். பிந்தியவர்களை விசாரித்து, தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

பக்கத்துத் தையற்கூடத்தில் வேலைசெய்யும் வியட்நாம்காரர் மதாம் லான். தங்கையின் முகாம் பதிவுத்தாளை நீட்டி, ஆங்கிலத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கரைசேர்ந்த திகதி, குறித்த நாளுக்கு நான்கு நாள் பிந்தியிருந்தது.

"அது இரண்டாம் முறை" என்றார்.

அதற்கு ஒரு வாரம் முன்பே தங்கையின் படகிலிருந்தவர்கள் கரையில் இறங்கியிருந்தார்கள். அந்த நாட்டுக் காவற்படையினர் மறுபடி படகில் ஏற்றி, கயிறு கட்டி நடுக்கடலுக்கு இழுத்துப்போய் விட்டுவிட்டார்களாம். முதல்முறை இறங்கியதற்கு அத்தாட்சி ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"மணலில் கால் வைத்ததற்கு யார் முத்திரை குத்துவார்?"

ஒருவர்

மறுநாள், தங்கையை இங்கே எடுப்பிக்க அமைச்சுக்கு அனுப்பக் கொப்பி வேண்டுமென்று மதாம் லான் வந்தார். அண்ணை தானே கத்தரிக்கோலை எடுத்து, திகதியின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார்.

"திகதி மங்கிப்போச்செண்டு சொல்லச் சொல்லு. எங்கடை சனம் செய்யாததே?"

பிரெஞ்சில் சொன்னேன். மதாம் லான் துண்டைத் திகதியின்மேல் வைத்துப் பார்த்தார். திருப்பி எடுத்தார். இரண்டு வரி கீழே விரல் வைத்தார். 'வந்தவர்: ஒருவர்' என்றிருந்தது.

"முதல்முறை இறங்கியபோது தங்கையின் இடுப்பில் மகள் இருந்தாள். அந்த ஒரு வாரத்தில்தான் இல்லாமல் போனாள். திகதியை மறைத்தால் அந்த வாரமும் மறைந்துவிடும். திகதி இருக்கட்டும்."

தாளில் உள்ளதை மட்டுந்தான் மெசின் எடுக்கும் என்று வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறேன். அன்று அப்படியே எடுத்துக் கொடுத்தேன்; அண்ணை, தான் வெட்டிய துண்டை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.