மூக்கு ஏமாற்றாது

பால் டம்ளர் உதட்டுக்குப் போகும் முன் மூக்குக்குப் போகும். மாமியார் வீட்டு மீன்குழம்பைக்கூட ஞானசிகாமணி முகராமல் விட்டதில்லை. களக்காடு வாழை மண்டியில் தார் பார்த்து வாங்குகிற வேலை அவருக்கு. தாரைத் திருப்புவார், காம்பைக் கிள்ளி முகர்வார், கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். பிடிக்காவிட்டால் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவார். "மூக்கு ஏமாத்தாது வே" என்பார்.

மண்டியில் நல்ல பெயர் வாங்கித் தந்த மூக்கு, வீட்டில்தான் வினையாகிவிட்டது. அவரும் மனைவி கெசியாவும் ஜெர்லினைக் கைக்குழந்தையாகக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பு. பிள்ளை சிரித்தால் அவர் மகள். இடது கையால் எழுதினால் சந்தேகம். விழுந்தவள் அழாமல் எழுந்தால் அதற்கும் சந்தேகம். போன வருடத்திலிருந்து, கொடுத்த பன்னில் பாதியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறாள்.

"நம்ம ரெண்டு குடும்பத்துலயும் ஒளிச்சு வைக்க ஆளு உண்டா? கன்னு எப்படியோ தாரு அப்படித்தான்" என்பார், பிள்ளை காதுபடவே.

"அப்போ வாழைக்குத் தண்ணி எதுக்குப் பாய்ச்சுதாவ?" கெசியா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"தண்ணி பாய்ச்சுனா ஏத்தன் வாழை கதலி வாழையாயிருமா?"

இந்த வழக்கு முடியாமல் பிள்ளையின் ஞானஸ்நானமும் முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, சபை முழுக்க ஒரே பந்தியில் கறிச்சோறு உண்ணும் அசனப் பண்டிகை வருடந்தோறும் வந்து போகிறது. குருவானவர் கேட்கும்போதெல்லாம் "பைய பாப்போம், ஐயா" என்று ஞானசிகாமணி நழுவிவிடுவார். சபைக்கு முன்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு 'என் மகள்' என்று நிற்க அவருக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. கெசியாவுக்கு அது ஆறாத மனத்தாங்கல். "அவளுக்கு வெவரம் தெரியதுக்குள்ள செஞ்சிருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆளில்லாத நேரம் பார்த்துத் தலையணையைத் தூக்கினார். பாதி பன் இருந்தது. திரும்பினால் வாசலில் ஜெர்லின்.

"எதுக்குளா இதை ஒளிச்சு வைக்க?"

"நீங்க என்னையத் திருப்பி ஏத்தி விட்டா, வழியில பசிக்கும்லா."

பள்ளி லீவு நாளில் மண்டித் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தாரைத் திருப்பி ஏற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். இந்தப் பழக்கத்துக்கு விதை யார் போட்டது என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் தேடிய மனுஷன், கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் முகத்தைப் பார்த்துப் பசி என்று நினைத்தாளோ என்னவோ. அவர் கையிலிருந்த பன்னை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள், ஓரத்தைக் கிள்ளினாள், கண்ணை இடுக்கி முகர்ந்தாள், அவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "கெட்டுப்போகலப்பா. சாப்பிடுங்க" என்று இடது கையால் நீட்டினாள்.

வாங்கிய கை வழக்கம்போல் மூக்கருகே வந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசிகாமணி பன்னை முகராமல் வாயில் போட்டுக்கொண்டார்.