அச்சவாரத் துண்டு

எழுபதுகளின் கடைசியில் எனக்கென்று இருந்தது ஒரு சைக்கிள். அதுவும் மாமனார் வாங்கிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் வயலும் அவள் பெயரில் இருக்கும். மருதமுனையிலிருந்து கல்முனைக்கு அப்படி வந்து பத்து வருடமாகியும், சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அடித்தேன்.

அந்த நேரம் கடைத்தெருவில் ஒரு கடையறை விலைக்கு வந்தது. சொந்தக்காரர் ஹஜ்ஜுக்குப் போக இருந்தார். உள்ளே ஒரு தையற்காரர் வாடகைக்கு இருந்ததால் மாதாமாதம் சும்மா இருந்து வாடகை வாங்கலாம். பதினைந்து நாளுக்குள் ஐயாயிரம் ரூபா அச்சவாரம் கட்டச் சொன்னார். மீதியை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெயரில் ஒரு சொத்து, ஓர் உறுதிப் பத்திரம்! அதில் மனைவி வீட்டுக் காசு ஒரு சதமும் கலக்கக் கூடாது. ஆகவே வீட்டில் மூச்சு விடவில்லை.

முதலில் வங்கிக்குப் போனேன். வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்டிருந்தும் போனேன். பிணைக்குக் காணி இருக்கிறதா என்று கேட்டார்கள். காணி இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? வட்டிக்குப் பயந்து திரும்பி வந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மருதமுனையில் தறி போட்டிருந்த, என் கூடப்பிறந்த மூத்த காக்கா, நூல் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் அழுதார். அதற்குப் பிறகு, சீட்டுப் பிடிக்கும் பெண்ணிடம் முதல் சீட்டை எனக்குத் தரும்படி கேட்டேன். நெல் முதலாளியிடம் அறுவடைவரை கைமாற்றுக் கேட்டேன். இரண்டு பேரும் தேத்தண்ணி தந்து, பார்க்கலாம் என்றார்கள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் கெஞ்சினேன்.

என்னைப் போல் ஒரு மடையன் இருக்க மாட்டான். சீட்டுக்காரி என் மனைவியின் சாச்சி. நெல் முதலாளி மாமியின் தம்பி. குடிவந்த மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் தெரிந்த காசுக்காரர்கள் எல்லாரும் மனைவியின் சொந்தமாகத்தானே இருப்பார்கள்? இது எனக்குப் பதினான்காம் நாள்தான் உறைத்தது. அன்று மனைவி சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு லேஞ்சித் துணி முடிச்சை வைத்தாள்.

"ஊரெல்லாம் கேட்டிங்க. எனக்கிட்ட மட்டும் கேக்கல்ல," என்றாள்.

முடிச்சில் ஐயாயிரம் ரூபா இருந்தது. அவள் கையில் காப்பு இரண்டையும் காணவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யாருடைய பெயரில் எழுதப் போகிறேன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சோறு இன்னும் வேண்டுமா என்றுதான் கேட்டாள். மறுநாள் போய் அச்சவாரம் கட்டி, என் பெயர் போட்ட துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மீதியை அவளுடைய வயல் நெல்லிலும் என் கந்தோர் உத்தியோகச் சம்பளத்திலும் கட்டினோம். உறுதி எழுதப் போன அன்று எட்டு வயது மகளையும் சைக்கிளில் ஏற்றிப் போனேன். யாருடைய பேருக்கு என்று உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்டார். வாயைத் திறந்தேன். மனைவியின் வெறும் கை நினைவுக்கு வந்தது. இன்னும் பத்து வருடத்தில் இவளுக்கும் சீதனம் கொடுக்க வேண்டும் என்பதும் வந்தது. மகளின் பெயரைச் சொன்னேன். மனம் நிறைந்தது என்று சொல்ல மாட்டேன், வயிறு எரிந்தது. என் பெயருக்கு மிஞ்சியது அந்த அச்சவாரத் துண்டுதான்.

எண்பதுகள் முடியுமுன் மகளைக் கட்டிக் கொடுத்தோம். மருமகன் அக்கரைப்பற்றுப் பொடியன், நல்ல பிள்ளை. வந்து ஒரு வருடம் ஆகவில்லை, ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாமா, ஒரு சின்னக் காணித்துண்டு வருது. அச்சவாரத்துக்குக் கொஞ்சம் காசு வேணும். வீட்ட சொல்லிராதீங்க."

ஓம் என்று தலையாட்டினேன். அவர் வாசல் கடப்பைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, மகளிடம் சொல்லப் போனேன்.