வியர்வை காட்டாத சட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களிடம் எதைத்தான் சொல்லவில்லை? கோவில் பொங்கலுக்குத் தெருவில் அடுப்புக் கல் வைக்க இடம் பிடித்த சண்டையைச் சொன்னேன். பேத்தி கோபம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குத் தாவுவதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் போன விதத்தை மட்டும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. அவர் தொடங்கிய சட்டைக் கம்பெனியை இப்போது மகன் நடத்துகிறான். எத்தனையோ வீட்டில் அதை நம்பி உலை கொதிக்கிறது. எந்தக் கையால் எழுத?

போன வாரம் அந்தக் கையே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கோட்டைக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம். நல்ல புழுக்கம். மாப்பிள்ளையின் அப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. சட்டை மட்டும் கடையில் மடித்து வைத்தது போல மொடமொடவென்று... பார்த்ததும் எந்தத் துணி என்று தெரிந்துவிட்டது. எப்படிப் போனேன் என்று தெரியாது — பின்னால் போய், அவர் காலருக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தேன்.

அவர் சம்சாரம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யக்கா, ஊரு ஆம்பிளைக்க சட்டைக்குள்ள கைய விடுதியளே, கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

அந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை. சடங்குக்காகக் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஒரு காப்பி குடித்ததும் தெளிந்துவிட்டார். நான்தான் தெளியவில்லை. இப்போது எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும். ஏன் கை போனது என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மாமன் மகன். சாலைக் கடைவீதியில் எங்களுக்கு ஜவுளி வியாபாரம். அத்தானுக்கு வியர்க்கும். கொஞ்சநஞ்சமில்லை... விசிறியடியில் உட்கார்ந்தாலும் ஊற்று மாதிரி வரும். பத்மநாப சுவாமி கோவிலில் அவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. அங்கே ஆண்கள் எல்லாரும் வெற்று மார்போடுதானே நிற்கிறார்கள்? பெருமாளுக்கு முன்னால் முதுகில் வியர்வை ஓட, கண்ணை மூடி நிற்பார். வெளியே வந்து சட்டையைப் போட்டதும்தான் தொல்லை. அக்குளிலும் முதுகிலும் ஈரம் படர்ந்துவிடும். ஒருமுறை ஓர் ஆபீசர் இவரைப் பார்த்து மூக்கைச் சுளித்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அந்த வேதனையில் பிறந்ததுதான் கம்பெனி.

திருப்பூரிலிருந்து விதவிதமாகத் துணி வரவழைத்தார். இழுத்தால் நீள்வது, கசங்காதது, சீக்கிரம் உலர்வது. உள்பக்கம் ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், வெளிப்பக்கம் காட்டவே கூடாது — அதுதான் அவர் பிடிவாதம். சாம்பிள் சட்டையைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நடந்துவிட்டு என் முன்னால் வந்து முதுகைக் காட்டி நிற்பார். எட்டாம் வகுப்போடு நின்ற நான்தான் பரிசோதனை அதிகாரி. காலருக்குள் கை விடுவேன்.

"உள்ள எப்பிடி?"

"நனஞ்சு கெடக்கு."

"வெளிய?"

"காஞ்சிருக்கு அத்தான்."

முகம் பிள்ளை முகம் போலாகிவிடும்.

பிறகு வளர்ச்சி. முதலில் பைக்கில் ஆபீஸ் போகும் பையன்கள் வாங்கினார்கள். அப்புறம் விழிஞ்ஞம் துறைமுகத்து எஞ்சினியர்கள். அப்புறம் ஆன்லைனில் கொச்சி, பெங்களூரு, துபாய். 'ஆண்களுக்கான பெர்ஃபார்மன்ஸ் உடை' என்று மகன் போர்டு எழுதினான். ஒவ்வொரு புது மெஷினுக்கும் நான் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எல்லாம் அவன் கொடுத்தது என்றே நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஊருக்கு வெளியே பெரிய யூனிட் திறந்த அன்று மாலை. தகரக் கூரை, செண்டை மேளம், கூட்டம். கம்பெனியில் பணம் போட மும்பையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பருத்திச் சட்டை போட்டிருந்ததால் தொப்பலாக நனைந்துவிட்டார். ஆளுக்கு ஆள் அவரிடம் ஓடினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். இருந்த ஒரே பெரிய மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். நம் சட்டை இல்லாத குறைதான் என்று மகன் கிண்டல் செய்ய, எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தானும் சிரித்தார். இடது கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

நான் திறப்புக்கு ஏற்றிய குத்துவிளக்குப் பக்கத்திலிருந்து வந்து என்ன செய்கிறது என்று கேட்டேன். வலி இல்லை, நெஞ்சில் ஏதோ அமுக்கலாக இருக்கிறது, வாயு என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மகனின் சிநேகிதனைக் கூப்பிட்டுச் சொன்னேன். படித்த பையன். ஹார்ட் என்றால் குளித்த மாதிரி வியர்க்கும், சாருக்கு முகத்தில்கூட இல்லையே என்றான். முகத்தைத்தான் அத்தான் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாரே... போட்டோவுக்கு நிற்க வேண்டுமே. ஆபீஸ் பெண் ஒருத்தி என் தோளை அணைத்துக்கொண்டு, "அம்மா பேடிக்கண்டா, சாருக்கு ஒரு குழப்பமும் இல்ல கேட்டோ" என்றாள். பயப்பட வேண்டாம் என்று அன்பாகத்தான் சொன்னாள். யாரைக் குறை சொல்ல?

நான் வழக்கம் போல அவர் காலர் பக்கம் கையைக் கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளுவ பாக்காவ, சும்மா இரிட்டி. சட்டையப் பாரு... ஒரு பொட்டு நனஞ்சிருக்கா?"

நனையவில்லை. கொஞ்சமும் நனையவில்லை. அப்படி நெய்யச் சொன்னதே அவர்தானே.

போட்டோ எடுத்தார்கள். சிரித்தார். எடுத்து முடிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டி எடுத்தார்கள். உள்ளே உடம்பு குளத்தில் முக்கி எடுத்தது போல இருந்தது. துணியின் உள்பக்கத்தை நர்ஸ் தொட்டாள், விரலில் நீர் சொட்டியது. டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு வேர்த்திருக்கே, ஒருத்தரும் பாக்கலியா?"

என் மகன் இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான் — யாரிடமும் சொல்லாமல், வேலையை மட்டும் இரண்டு மடங்காக்கி. கம்பெனியும் இரண்டு மடங்காகிவிட்டது. நன்றாக வளர்கிறது, ரொம்ப நன்றாக வளர்கிறது. துணியை மாற்று என்று ஒருமுறை சொன்னேன். "எதை மாத்த, அம்மா? அது நல்ல துணிம்மா" என்றான். அவன் சொன்னது நிஜம். அதுதான் கொடுமை.

அன்று எடுத்த போட்டோவைத்தான் இப்போது எல்லாக் கடையிலும் மாட்டியிருக்கிறார்கள். நிறுவனர் என்று போட்டு. அவர் ஞாபகமாக இருக்கட்டும் என்று மகன் ஆசைப்பட்டான். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்க வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்... என்ன களை, என்ன சிரிப்பு என்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைத் தெருவில் நான் தலை குனிந்துதான் நடக்கிறேன்.

பிள்ளையார் சந்நிதியில் நின்றால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அவனுக்குத் தெரியாதா என்ன?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ஆண்பிள்ளை நெஞ்சு அமுக்குகிறது என்று சொன்னால், சட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெட்கம் பார்க்காமல் பொத்தானைக் கழற்றுங்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாயு என்றால் திரும்பி வந்து சிரித்துக்கொள்ளலாம்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். படித்துக் காட்டுங்கள், போனில் அனுப்புங்கள். ஆனால் நான் எழுதியது எழுதியபடியே போகட்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்று சேர்த்தார்கள் — கொடுத்து வைத்த சாவு, நோய் நொடியில் கிடக்கவில்லை, ஜெயித்த நாளில் போனார் என்று. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். நீங்கள் சொல்லும்போது அதையெல்லாம் சேர்க்க வேண்டாம்.

முக்கியமாக, சிரித்துக்கொண்டே போனார் என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள்.