பழநிக்கு நேர்ந்துவிட்ட தாடி

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை முடிந்த மறு வருடம் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். நான் களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வண்டித்தடத்தில் நெஞ்சுவரை தாடியும் பிடரியில் புரளும் முடியுமாக ஓர் ஆள் வந்தார். யாரோ பண்டாரம் என்று நினைத்து, "கை வேலையா இருக்குதுங்க, அப்பறம் வாங்க" என்றேன். அவர் சிரித்தார். பல்லைப் பார்த்துத்தான் என் புருஷன் என்று தெரிந்தது. உடுப்பில்லை, பூட்ஸ் இல்லை, எப்போதும் கூட வரும் கறுப்பு டிரங்குப் பெட்டி இல்லை. தோளில் ஒரு துணிப்பை மட்டும்.

என் மாமனாரும் பட்டாளத்துக்காரர், பர்மாவரை போய் வந்தவர். காய்ச்சல் அடித்தாலும் விடியற்காலையில் கட்டுத்தறித் தூணில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொள்ளாமல் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார். எங்கள் பக்கம் பெரியவர், குழந்தை எல்லோரையும் பாசமாகக் கூப்பிடுவது "சாமி" என்றுதான். மகன் லீவில் வந்தால் "வா சாமி, என்ற ராசா" என்று வாசலுக்கே போய்விடுவார். அன்று கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"லீவுச் சீட்டை எடு" என்றார்.

"இருக்குதுங்கப்பா. காட்டறதுக்கில்லீங்க."

மாமனார் எழுந்து கட்டுத்தறிப் பக்கம் போனார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பர்மாவுல எங்கூட இருந்தவன் ஒருத்தன் இப்படித்தான் தாடி வெச்சுக்கிட்டு ஊட்டுக்கு ஓடியாந்தான். புடிச்சுக்கிட்டுப் போனாங்க" என்றார். அதன்பிறகு தடத்தில் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். போலீஸ்காரராக இருக்குமோ என்று பார்த்தால் தபால்காரராக இருக்கும், இல்லையென்றால் பால்காரராக இருக்கும். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் கை வேலையில் நிற்காது. மூன்று நாளில் இரண்டு தடவை குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

இதற்கு நடுவில் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து, "எந்தச் சாமிக்கு வேண்டுதலுங்க?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஆம்பளை தாடி வளர்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தப்பித்தால் போதும் என்று "பழநிக்குங்க" என்றேன். வாய்க்கொழுப்பு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வருகிற கிருத்திகைக்கு நாங்களும் கூட வாரோம் என்று நான்கு வீட்டில் கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறவைக்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது.

அவர் சோளக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "ஏனுங்க, ஓடியாந்துட்டீங்களா? நெசத்தைச் சொல்லீருங்க" என்றேன்.

களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். சண்டையின்போது ஒரு சின்னக் கூட்டம் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கமே போய்க் காரியம் பார்த்துவிட்டு வந்ததாம். அதை இப்போது நிரந்தரமாக வைக்கப்போகிறார்களாம். பல ரெஜிமெண்டிலிருந்தும் ஆள் எடுக்கிறார்களாம். "யாரு வாரீங்கன்னு கேட்டாங்க. கையத் தூக்கினேன். பாத்தாப் பட்டாளத்துக்காரன்னு தெரியக்கூடாது. அதுக்குத்தான் தாடி. அப்பாகிட்டக்கூடச் சொல்லாதே."

"பட்டாளத்துக்காரர்னு தெரியலீங்க. உங்கப்பாவுக்கே தெரியலை" என்றேன். ஓடி வரவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. பிடித்து இழுத்துப் போயிருந்தால் அழுதிருப்பேன். இவர் தானாகக் கை தூக்கியிருக்கிறார். வீட்டில் ஒரு பெண்டாட்டி இருப்பது அந்தக் கைக்குத் தெரியாதா என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

மாமனார் ஒருநாள் மகனைப் பார்க்காமல், மாட்டைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். "பழநிக்குப் போய் மொட்டை போட்டுக்கிட்டு வரட்டும். அப்பறம் இந்த ஊட்டுல படி ஏறட்டும்."

"எடுக்கக்கூடாதுங்கப்பா. உத்தரவு."

"சவரம் பண்ணாதேன்னு எந்தப் பட்டாளத்துலடா உத்தரவு போடறாங்க?"

அவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். எனக்கோ மாமனாரிடம் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் புருஷனுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அந்தப் பெரியவர் பெற்ற மகனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு தேவையில்லாமல் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் தந்தி வந்தது. மாமனார்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பட்டாளத்து இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். மகனுடைய நம்பர், ராங்க், லீவு ரத்து, உடனே வரவும். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ஓடி வந்தவனுக்கு லீவு ரத்து என்று யாரும் தந்தி அடிப்பதில்லை. தந்தியை மடித்து மகன் கையில் கொடுத்து, "சோறு தின்னுட்டுப் போ" என்றார். பஸ் ஏறும்வரை கூட நடந்தார். மகன் தோளிலிருந்த துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது பேப்பரில் அந்த மாதிரிப் படைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலிருந்தும் பொறுக்கி எடுத்து ஒரே தலைமையின் கீழ் வைத்திருக்கிறார்களாம், போட்டோகூடப் போடுகிறார்கள். அன்றைக்கு அதற்கு என்ன பெயர் என்றே எனக்குத் தெரியாது. தாடி என்று மட்டும்தான் தெரியும். பதினோரு மாதம் கழித்து அப்பனும் மகனும் பழநியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முடியிறக்கினார்கள். மகனுக்குச் சரி, அப்பனுக்கு எப்படித் தாடி என்றுதானே கேட்பீர்கள்.

மகனைப் பஸ் ஏற்றிவிட்ட மறுநாள் காலையில் கட்டுத்தறித் தூணில் கண்ணாடி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு மாதத்தில் மாமனார் முகம் முழுக்க நரைத்தாடி. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து அக்கா வாயைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க மாமா, நீங்களுமா? எந்தச் சாமிக்குங்க?"

மாமனார் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே சொன்னார்.

"என்ற சாமிக்குத்தான் அம்முணி."