கெட்டி மண்ணு

உள் அறையில் ‘தொம்’மென்று ஒரு சத்தம்.

டீ வடிகட்டிக்கொண்டிருந்த பவுனுவின் கை அப்படியே நின்றது. “வந்துட்டீங்களா?” என்று கேட்க வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் பெரியண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறதே! உள்ளே சம்மட்டி அடிப்பது சர்வேக்கு வந்த சுஷ்மா.

பூமிக்கடியில் பொந்து இருக்கிறதா என்று பார்க்கும் சர்வேயில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்தவன் பெரியண்ணன். தரையில் இரும்புத் தகட்டை வைத்து ஓங்கி ஒரு போடு. அந்த அதிர்வு மண்ணுக்குள் ஓடி வருவதைக் கருவிப் பெட்டி பதிவு செய்துகொள்ளும். பெட்டிக்கு முன்னாலேயே அவன் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். டில்லி லோதி ரோட்டுக்குப் பின்னால் குடிசை போட இடம் தேடிய அன்று, சம்மட்டியும் கையுமாக வந்து எட்டு இடத்தில் அடித்துப் பார்த்தான். ஒன்பதாவது இடத்தில் முகம் மலர்ந்தது.

“பவுனு, இது கெட்டி மண்ணு. நம்ம காலத்துக்கும் அசையாது.”

“என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ பாக்கலியே நீங்க!”

அதற்கு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன வாரம் மழையில் தெருமுனை உள்வாங்கி, ஒரு ஆட்டோ பாதி இறங்கிவிட்டது. பொந்துக்கு மேலே நிற்கும் வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்களாம். வீடு போனால் போகட்டும். அவர் சொன்ன சொல்? அது பொய்யாகிவிடுமே!

“போலா... போலா!” உள்ளே சுஷ்மாவின் குரல் உயர்ந்தது.

தம்ளர் கை நழுவி உருண்டது. ‘போலா’ என்றால் கீழே பொந்து. புருஷன் வாயால் ஆயிரம் தடவை கேட்ட இந்தி வார்த்தை. பவுனு ஓடினாள்.

“பொந்தா கண்ணு? எங்க வூட்டுக்குக் கீழயா?”

சுஷ்மாவோடு சர்வேக்கு வந்து, தரையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த மாதங்கி, டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், திகைத்து நிமிர்ந்தாள். “அரே, இல்ல ஆன்ட்டி! சுஷ்மா போன்ல வீட்டுக்காரரோட லடாய் போடறா. ‘மைனே போலா’ன்னா, நான் சொன்னேன்னு அர்த்தம்.”

இந்தியில் ‘சொன்னேன்’ என்கிற போலாவும் ‘பொந்து’ என்கிற போலாவும் தமிழ்க் காதுக்கு ஒன்றுதானே! வேலைக்குப் போன முதல் மாதம் பெரியண்ணனும் இதே கூத்தைத்தான் அடித்தான். ‘ஐயா சொன்னார்’ என்பதை ‘சாப் நே போலா’ என்று யாரோ சொல்ல, “பள்ளம், ஓடுங்க!” என்று கத்தி மொத்தக் கூட்டத்தையும் விரட்டினான். கடைசிவரை சைட்டில் அவன் பேரே போலாதான். பவுனு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

“அப்ப கீழ என்னதாம்மா இருக்கு?”

“பக்கா மண் ஆன்ட்டி. பொந்து ரோட்டோட நின்னுடுச்சு. இந்த வரிசையிலயே உங்க வீடுதான் பெஸ்ட். யாரு செலக்ட் பண்ணது?”

பவுனு இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னொரு தடவ அடிக்கச் சொல்லேன், கண்ணு.”

“ரீடிங் முடிஞ்சிடுச்சே?”

“ரீடிங்குக்கு இல்லம்மா.”

மாதங்கி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுஷ்மாவுக்குக் கண்ணைக் காட்டினாள்.

தொம்!

வெறுங்காலோடு நின்ற பவுனுவின் உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியது.

பெட்டி, ஒயர், சம்மட்டி எல்லாம் வாசல் தாண்டின. “வரேன் ஆன்ட்டி” என்ற குரல் சந்தில் தேய்ந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரியண்ணனின் புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, பவுனு கதவைச் சாத்தினாள்.